உப்பில் வரைந்த சமையல்கட்டு

எங்கள் மனை ரோட்டோரம் மேடாகவும் பின்னால் உப்பளத்தை நோக்கிப் பள்ளமாகவும் சரிந்து கிடக்கும். வாங்கிய நாளிலேயே அந்தப் பள்ளத்து மூலையில் என் மனசு போய் உட்கார்ந்துவிட்டது. சமையல்கட்டு அங்கேதான் வரவேண்டும். ஜன்னலைத் திறந்தால் பாத்தி பாத்தியாக உப்பளம் தெரியவேண்டும், வேலை முடித்து என் வீட்டுக்காரர் வரப்பில் நடந்து வருவது தெரியவேண்டும். கல்யாணமானதிலிருந்து வாடகை வீடுகளில் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தே சமைத்தவள் நான். அவர் எப்போது வருவார் என்று தெரியாமல் சோற்றை ஆறவிட்டு, குழம்பைத் திரும்பத் திரும்பச் சுடவைத்து எனக்கு அலுத்துப்போயிருந்தது.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்ன காரணம் நியாயமாக வேறு இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். வருஷக்கணக்கில் உப்புத் தண்ணீரில் நின்று வேலை பார்த்ததில் அவருக்கு முட்டி வலி. பள்ளத்தில் சமையல்கட்டு என்றால் ஹாலிலிருந்து படி இறங்கவேண்டும்.

"படி வச்சிட்டன்னா நான் மேலயே கெடக்கணும். நீ கீழ தனியா சமைச்சிக்கினு இரு," என்றார்.

எல்லாரையும்போல மண்ணடித்து மட்டம் பண்ணி, சமையல்கட்டை ரோட்டுப்பக்கம் வைத்துவிடலாம் என்பது அவர் பிளான். அங்கே வைத்தால் மறுபடியும் பக்கத்து வீட்டுச் சுவர்தான். நான் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டு சாப்பாடு மட்டும் போட்டேன்.

மேஸ்திரி மறுநாள் காலையில் சுண்ணாம்புத் தூளோடு வந்து தரையில் கோடு போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். இவருக்குப் பொறுமை ஏது? "வெள்ளைப் பொடிக்கு நம்மகிட்ட பஞ்சமா?" என்று சாயங்காலமே அளத்திலிருந்து ஒரு மூட்டை உப்பைக் கொண்டுவந்து ஹாலையும் படுக்கையறையையும் கோடு போட்டார். மிச்ச உப்பை என்னிடம் நீட்டினார்.

"ஒன் சமையல்கட்ட நீயே போட்டுக்க. அவ்ளோ பள்ளத்துல என்னால எறங்க முடியாது."

வீம்புக்குக் கீழே போய், ஊர்ப்பட்ட உப்பைக் கொட்டிப் பெரிதாகவே போட்டேன்.

காலையில் போய்ப் பார்த்தால் பக்கத்துத் தெரு பசுமாடு எங்கள் வீட்டை நக்கிக்கொண்டிருந்தது. ஹாலில் பாதி காணோம். படுக்கையறைக்குச் சுவரே இல்லை. இவர் துண்டைச் சுழற்றிக்கொண்டு விரட்ட, மாடு அவசரமில்லாமல் சரிவில் குறுக்காகச் சாய்ந்து நடந்து என் சமையல்கட்டுக்குள் நுழைந்தது. திட்டிக்கொண்டே அதே தடத்தில் இவரும் போய் அங்கே நின்றார்.

நான் மேட்டிலிருந்து கேட்டேன்: "முட்டி வலிக்கலையா?"

அவர் காலைப் பார்த்தார், வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். "சாய்ஞ்சாப்ல வந்தா ஒண்ணும் தெரியலயே," என்றார். எனக்கு அந்த மாட்டைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

அதற்குள் மேஸ்திரி வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "உப்பளம் வச்சிக்கினு நீங்களே இப்டி பண்லாமா அண்ணே? கம்பி கட்ற எடத்துல உப்பக் கொட்டி வச்சிக்கிறீங்களே, துரு புடிச்சிடாதா?"

மாடு விட்டுவைத்த உப்பை மண்ணோடு நாங்களே சுரண்டி எடுத்தோம். சுரண்டியபடியே இவர் சொன்னார்: "மேஸ்திரி, மண்ணும் அடிக்க வேணாம், படியும் வேணாம். ஹால்லேர்ந்து கீழ வரைக்கும் சாய்வா ஒரு நடை போடு. பாத்திக்குப் பாத்தி தண்ணி எறங்குற மாதிரி, எறங்குறதே தெரியக்கூடாது."

அப்படியே கட்டினோம். ஹாலிலிருந்து சுவரை ஒட்டி அந்த நடை குறுக்கே இறங்கி சமையல்கட்டில் முடிகிறது. வருகிறவர்கள் வீடு ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். மாடு போட்ட பிளான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அளத்திலிருந்து வருகிறவர் இப்போது பின்வாசல் வழியாக நேரே சமையல்கட்டுக்குள் வந்துவிடுகிறார், சாப்பிட்டுவிட்டு மெதுவாக மேலே ஏறிப்போகிறார். ஜன்னலில் அவர் தலை தெரிந்த பிறகுதான் நான் தோசைக்கல்லை அடுப்பில் வைக்கிறேன். குடிவந்த முதல் நாள் தோசையைப் பிட்டு வாயில் போட்டவர் முகத்தைச் சுளித்தார்.

"இன்னா இது, இப்டி சுடுது?" என்றார்.

இந்தக் குறையை அவர் வாயால் கேட்கத்தான் நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன்.