பீடிக்கட்டில் இல்லாத அப்பா

சனிக்கிழமை மாலை சரியாக நாலே காலுக்குக் கடையில் ஏழாவது பீடிக்கட்டைப் பிரித்தேன். அதிலும் அப்பா இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

எங்களுடையது இலங்கை மலையகத்தில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அந்த வருடம் தோட்டங்களுக்கிடையிலான கால்பந்துப் போட்டியில் எங்கள் அணி வென்றது. கடைசி ஆட்டத்தின் மூன்று கோலும் அப்பா போட்டவை. பதுளை பீடி முதலாளி ஒருவர் அணி வீரர்களின் படங்களைச் சின்ன அட்டைகளாக அச்சடித்து, கட்டுக்கு ஒன்றாக வைத்து விற்றார்.

லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளின் ஆண்களுக்குப் பீடி வாங்கி வருவது பிள்ளைகளின் வேலை. வாங்கி வந்த பிள்ளைக்கே அட்டை. அப்பாவுக்குப் பீடிப் பழக்கம் இல்லாததால் நான் லயம் முழுவதற்கும் ஓடினேன். அணியில் பத்துப் பேரின் அட்டைகள் சேர்ந்துவிட்டன. கோல் காப்பவர் மட்டும் ஆறு தடவை வந்தார். அப்பா வரவேயில்லை.

"ஒங்கப்பா வெளிய ஒக்காந்திருந்த ஆளாடி?" என்றாள் அடுத்த வீட்டுக்காரி மகள். "பந்து பொறுக்குனவங்களுக்கெல்லாம் படம் போடமாட்டாங்க."

அந்த ரோஷத்தில்தான், கடைக்காரர் தேத்தண்ணி குடிக்க உள்ளே போன சமயம் புதுப் பெட்டியில் கை வைத்தேன். அவர் திரும்பியபோது இருபத்துமூன்று கட்டுகள் பிரிந்து கிடந்தன. அவர் போட்ட சத்தத்தில் பாதி லயம் கூடிவிட்டது.

தொழிற்சாலையிலிருந்து அப்பா தேயிலைத் தூள் படிந்த சட்டையோடு வந்தார். அடிக்கவில்லை.

"யாரத் தேடுன?"

"ஒங்களத்தான்."

பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாகச் சுற்றி நூல் கட்டத் தொடங்கினார்.

போன வாரம் என் மகனின் பள்ளிப் பையில் ஒரு சிகரெட் பெட்டி இருந்தது. அவனிடம் என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. அப்பாவின் கைகள் அன்று நிதானமாக நூல் சுற்றியதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

அன்று கடைசியில் சரக்கு வேனில் பீடி முதலாளியே வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"ஒங்கப்பா படம் எதுலயும் இல்ல பாப்பா. ரெண்டு தடவ வீடு தேடி வந்து கேட்டேன். 'என் படத்துக்காகப் புள்ளைங்க பீடி தேடி வரக்கூடாது'ன்னுட்டாரு."

அப்பாமேல் எனக்குக் கோபம் பொங்கியது. ஒரு படம் கொடுத்திருந்தால் என்ன?

முதலாளி குனிந்து என் காதருகே சொன்னார்: "இல்லன்னு யார்கிட்டயும் சொல்லிறாத. அந்த ஒரு படத்தத் தேடித்தான் சனங்க கட்டுக் கட்டா வாங்குது."

ஊரே அப்பாவைத் தேடுகிறது! பெருமை தாங்காமல் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருந்தது. நூல் சுற்றிய கை ஏன் பாதியில் நின்றது என்பது மட்டும் அன்று எனக்கு விளங்கவில்லை.