பெரட்டில் கேட்காத குரல்

அன்று காலை பெரட்டில் யாழினியின் பேரைக் கூப்பிட்டபோது பதில் வரவில்லை.

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியுமுன் கங்காணி பேர் சொல்லி ஆள் கூப்பிடுவது. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டங்கள் போய்விட்டன. எங்கள் தமிழ்ப்பள்ளியில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. அங்கே காலைக் கிளப்பையும் மாலைக் கிளப்பையும் பார்த்துக்கொள்கிறவள் நான். ஜெலாப்பாங் தொழிற்சாலை பஸ் இருட்டிலேயே வந்துவிடும். பெற்றவர்கள் ஏறிப் போய்விட்டால் பிள்ளைகள் எங்கே நிற்பார்கள்? அதற்குத்தான் கிளப். மைலோ, பிஸ்கட், கேரம், ஒரே கூச்சல்! முதல் வேலை பெரட்டு. ஆறாம் ஆண்டு கவிதாதான் கங்காணி, பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள். அவள் யார் பேரைச் சொன்னாலும் அந்தப் பிள்ளை கூரை பறக்க "வந்தாச்சு!" என்று கத்தவேண்டும்.

அன்றைக்குப் பார்த்துப் புதுத் தலைமையாசிரியர் வந்து நின்றார். முந்தின நாள்தான் என்னிடம், "வெளையாடுறதுக்கா இவ்ளோ சீக்கிரம் கேட்டத் தொறக்கணும்? கிளப்ப மூடிரலாம்லா" என்றிருந்தார். மூடினால் யாழினியின் அம்மா சாந்தி வேலையை விடவேண்டியதுதான். வீட்டில் பிள்ளையைப் பார்க்க வேறு ஆளில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு நாள் வந்து பாத்துட்டு மூடுங்க சார்" என்று சொல்லிவிட்டேன்.

கவிதா மறுபடி கூப்பிட்டாள். "யாழினி!"

சத்தமே இல்லை.

"லீவா இருக்கும்மா, அடுத்த பேரக் கூப்பிடு" என்றார் அவர்.

"இல்ல சார், அவ பேக்கு இங்க இருக்கு!"

"ஓடுங்க, தேடுங்க!" என்றேன். பிள்ளைகள் நாலாபக்கமும் பறந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பின்பக்கமிருந்து கவிதாவின் குரல்: "அக்கா! டாய்லெட்ல யாரோ கதவத் தட்டுறாங்க!"

தாழ்ப்பாள் இறுகிப்போயிருந்தது. நான் இழுத்தேன், அசையவில்லை. "தள்ளி நில்லும்மா!" என்று உள்ளே கேட்கும்படி கத்திவிட்டு, தலைமையாசிரியர் தோளால் ஓர் இடி இடித்தார். கதவு திறந்தது. இரண்டாம் ஆண்டு யாழினி, முகமெல்லாம் கண்ணீர், என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, என் பேரு கேட்டுச்சு. நானும் வந்தாச்சு வந்தாச்சுன்னு கத்துனேன், யாருக்கும் கேக்கலையா?"

அழுகையும் சிரிப்பும் எனக்குச் சேர்ந்தே வந்தன. தலைமையாசிரியர் சட்டையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

கிளப் தொடங்க நினைக்கும் தம்பி தங்கைகளே, கேரம் பலகையை மெதுவாக வாங்கிக்கொள்ளலாம். ஒரு பிள்ளை இல்லையென்றால் மற்றப் பிள்ளைகளுக்கு அந்த நிமிஷமே தெரியவேண்டும். முதலில் அதற்கு வழி செய்யுங்கள்.

மறுநாள் விடியுமுன் கேட்டைத் திறந்து வைத்திருந்தவர் தலைமையாசிரியர்தான்! பெரட்டு முடியும்போது கவிதா அவரைப் பார்த்து, "ஹெட்மாஸ்டர்!" என்று கூப்பிட்டாள். அவர் கூச்சத்தோடு, "வந்தாச்சு" என்றார்.

"சத்தம் பத்தல சார், இன்னொரு வாட்டி!" என்றாள் எங்கள் கங்காணி.