பக்கத்து வீட்டு ஹொஸ்டாவுக்கு இரண்டு பிடி பசளை

பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனாலும் எண்பதுகள் முடிவதற்குள் மிச்சம் என்ற இந்தக் குளிர்நாட்டுப் பட்டணத்தில் சொந்தக் கடை, சொந்த வீடு, பின்னால் ஒரு தோட்டம் எல்லாம் எடுத்துவிட்டேன். ஒருவரிடமும் கைநீட்டியதில்லை. பயிர் விஷயத்தில் சொல்லவே வேண்டாம். ஊரில் என் வெங்காயத் தோட்டத்தைப் பார்க்கவென்றே ஆட்கள் சைக்கிளை நிறுத்துவார்கள்.

அதனால் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா இடுப்புச் சத்திரசிகிச்சைக்குப் போனபோது, தன் ஹொஸ்டாச் செடிகளை என்னிடம் ஒப்படைத்ததில் எனக்கு வியப்பில்லை. சேம்பிலை போல அகன்று, வரிவரியாக இலை விடும் செடிகள். நிலத்தில் பத்துப் பன்னிரண்டு நின்றன. எல்லாவற்றிலும் பெரியது அரைப் பீப்பாய் ஒன்றில் தனியாக நின்றது. அது அவருடைய இறந்துபோன கணவர் நட்டது. பக்கக் கதவுப் பூட்டின் திறப்பைத் தந்துவிட்டு, "தண்ணீர் மட்டும் போதும்" என்றார்.

ஒக்டோபரில் இலைகள் மஞ்சளாகின. இந்த நாட்டு மரங்கள் இலை கொட்டுவதைக் கண்டிருக்கிறேன். ஆனால் அந்த வருடம் வீடு வாங்கும்வரை கடைக்கு மேல் மாடியில் இருந்தவன், இந்த நாட்டுச் செடிகளைக் கவனித்ததில்லை. செடி மஞ்சளித்தால் அதற்குப் பசி. ஊரில் என்றால் யூரியா போடுவோம். ஒரு பெட்டி பசளை வாங்கி வந்தேன்.

"இஞ்சருங்கோ, பெட்டியிலை என்னவோ எழுதிக் கிடக்கு. பிள்ளையளைக் கொண்டு வாசிப்பியுங்கோ" என்றாள் மனைவி.

"பசளை போட நான் ஆரிட்டையும் படிக்கோணுமே?"

"அவ தண்ணி மட்டும் எண்டல்லோ சொன்னவ."

"அவவுக்கு என்ன தெரியும்? வந்து பாத்து வாயைப் பிளக்கப் போறா."

ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பிடி போட்டேன். பீப்பாயில் நின்றதற்கு, கணவர் வைத்தது என்ற மரியாதையில், இரண்டு பிடி.

மழையில் தண்ணீர் தேவைப்படாத இரண்டு கிழமை கழித்துக் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். செடி என்று ஒன்றுமில்லை. அவித்த கீரை போல இலைகள் மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. தொட்டால் கையோடு வந்தன. அன்று கடையில் பால் கேட்டவருக்கு ரொட்டிப் பாணை எடுத்துக் கொடுத்தேன்.

"சாக்காட்டிப் போட்டியளோ?" என்று மனைவி கேட்டாள்.

நவம்பரில் அந்த அம்மா கைத்தடியோடு திரும்பினார். அவர் கோட்டைக் கழற்றுமுன் போய், செடிகள் செத்துவிட்டன என்றேன். அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "வருடாவருடம் இப்படித்தான். குளிருக்கு மண்ணுக்குள் தூங்கும். வசந்தத்தில் எழும்பும்."

எனக்குப் போன மூச்சுத் திரும்பி வந்தது. பசளைக் கதையை விழுங்கிவிட்டேன்.

ஏப்ரலில் நிலமெங்கும் ஊதா மூக்குகள் போல முளைகள் கிளம்பின. பீப்பாயில் ஒன்றும் வரவில்லை. அவர் தினமும் தடியை ஊன்றி வந்து அதைக் குனிந்து பார்ப்பதை என் குசினி யன்னலால் கண்டேன். மே மாதமும் வந்தது. "அதற்கும் வயதாகிவிட்டது போல" என்று வேலிக்கு மேலால் சொன்னார். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை.

"வயதில்லை. நான்தான். இரண்டு பிடி பசளை போட்டேன்."

அவர் மண்வெட்டியை நீட்டினார். அந்தப் பக்கம் போய்ப் பீப்பாயைக் கிளறினேன். வேர் கறுத்துக் களியாகிக் கிடந்தது, நாற்றம் வேறு. அவர் குனிந்து அதைத் தடியால் புரட்டினார்.

"முளை தலைகாட்டும்போது கொஞ்சம் போடலாம். ஜூலைக்குப் பிறகு கூடவே கூடாது. இலை விழும் காலத்தில் யாரும் போடுவதில்லை" என்றார். குரல் உயரவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

மண்ணைத் தட்டிவிட்டு, அவருடைய திறப்பைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அடுத்த மாதம் மகள் வீட்டுக்குப் போகிறேன்" என்றார். "தண்ணீர் மட்டும்."

திறப்பை நீட்டிய கையோடு நான் நின்றேன். அவர் எப்போது உள்ளே போனார் என்றுகூட எனக்குத் தெரியாது.