பிரேக் அக்காவுக்கு நல்ல நாள் எது?

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு வைத்திருந்த பெயர் பிரேக் அக்கா. பயிற்சி காரில் கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அவள் கால் அதன்மேல் எப்போது போகும், எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. ஓட்டுகிறவர் அலறுவதற்குள் வண்டி நின்றிருக்கும். திட்டவும் மாட்டாள். "சரி, ஒரு மூச்சு விட்டுட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க" என்பதோடு சரி. மற்ற வாத்தியார்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்தவர்கள் எல்லாம் கடைசியில் அவளிடம்தான் வந்து சேர்வார்கள்.

நாற்பதைத் தாண்டிய பிறகு அவள் ரத்தத்தில் ஒரு கோளாறு வந்தது. சிவப்பணுக்கள் அவற்றின் ஆயுசு முடிவதற்கு முன்பே உடைந்துபோகின்றன என்றார்கள். நாலு படி ஏறினால் மூச்சு முட்டியது. முகம் வெளிறிப்போய், கண்ணாடியில் யாரோ மாதிரி தெரிந்தது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்கு வந்து நரம்பு வழியாக மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டாள். "இப்போதைக்கு" என்றார்.

"இப்போதைக்குன்னா எதுவரைக்கும்ங்க?" என்று வீட்டுக்கு வந்து கணவனிடம் கேட்டாள். அவன் கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுப்பவன். எதையும் அளந்துதான் பேசுவான்.

"இப்போதைக்குன்னா இப்போதைக்குதான்" என்றான்.

மருந்து வேலை செய்தது. படி ஏறினாள், இறங்கினாள். நோய்க்கும் வேலைக்கும் நடுவே ஒரு கோடு போட்டுவிட்டால் போதும் என்று நினைத்தாள். மருந்து ஏற்றிய மறுநாள் உடம்பு அசதியாக இருக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஆகவே வெள்ளிக்கிழமை ஓய்வு. சனிக்கிழமையிலிருந்து தெம்பு வரும், அப்போது நெரிசலான ரோட்டில் வகுப்பு. அடுத்த மருந்து நெருங்கும் நாட்களில் உடம்பு இறங்கும், அப்போது காலி மைதானத்தில் ரிவர்ஸும் பார்க்கிங்கும். முதலாளியிடம் சொன்னபோது அவரும் தலையாட்டினார்.

உடம்புக்குத்தான் அந்தத் திட்டம் புரியவில்லை. ஓய்வு என்று ஒதுக்கிய வெள்ளிக்கிழமை காலையில் எழுந்தால் பறக்கலாம் போலிருக்கும். கணவன் மதியம் சாப்பிட வந்தபோது அவள் நாற்காலிமேல் ஏறி நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெஸ்டுன்னு சொன்னே?"

"ரெஸ்டுதான். தூக்கம் வரலை. சும்மா கிடந்தா பைத்தியம் பிடிக்குது."

"அப்போ நாளைக்கு?"

"நாளைக்குத்தான் தெம்பா இருக்கணும்."

சனிக்கிழமை பல் தேய்க்கக்கூட கை தூக்க முடியவில்லை. மருந்தாலா, மின்விசிறியாலா, இல்லை நாற்பது தாண்டிய எல்லாருக்கும் இப்படித்தானா? கணவனிடம் கேட்டாள். அவன் யோசித்துவிட்டு, "எனக்கும்தான் சனிக்கிழமை அசதியா இருக்கு. நான் என்ன மருந்தா ஏத்திக்கறேன்?" என்றான். அவள் குழப்பம் ஒன்றுக்கு இரண்டானது.

இந்தச் சமயத்தில்தான் ரொட்டிக்கடைக்காரர் வந்து சேர்ந்தார். கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோய்ப் போட வேன் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். ஐம்பது வயது, கனத்த உடம்பு, கோழை மனசு. எதிரே லாரி வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கும்பிடாத குறை.

"டீச்சரம்மா, நீங்க பக்கத்துல இருக்கீங்கங்கற தைரியத்துலதான் ஓட்டறேன். என் கால் மேல எனக்கு நம்பிக்கை இல்லை."

"என் கால் இருக்குண்ணே. நீங்க ரோட்டைப் பாருங்க."

ஒரு மாதம் போயிற்று. ஒரு வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் மருந்து வந்து சேரவில்லை, திங்கட்கிழமை வாங்க என்றார்கள். அதற்குள் ரொட்டிக்கடைக்காரருக்கு லைசென்ஸ் டெஸ்ட் நெருங்கிவிட்டது. சனிக்கிழமை ரோட்டில் ஓட்டியே ஆகவேண்டும். லேசாகச் சளி வேறு பிடித்திருந்தது. ஆனாலும் அன்று காலை உடம்பு ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால்தானே நம்புவதா வேண்டாமா என்று யோசிக்க முடியும்? கிளம்பிவிட்டாள்.

பள்ளிக்கூடத்தை ஒட்டிய தெருவில் வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நின்றிருந்த ஒரு வேனுக்குப் பின்னாலிருந்து சைக்கிள்காரர் ஒருவர் திடீரென்று குறுக்கே வந்தார். அவள் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். காலை அழுத்த வேண்டும் என்று நினைத்ததும் நினைவிருக்கிறது. கால் மட்டும் இன்னொருத்தி கால் மாதிரி அப்படியே இருந்தது. வண்டி நின்றது. சைக்கிள்காரர் முறைத்துவிட்டுப் போனார். குனிந்து பார்த்தாள். அவள் கால் பிரேக்கின்மேலேயே இல்லை. நிறுத்தியவர் ரொட்டிக்கடைக்காரர்.

அவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. "வேணும்னேதானே விட்டீங்க? நானே பிடிக்கணும்னு கால எடுத்துட்டீங்க! எவ்வளவு நம்பிக்கை என் மேல!"

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று பூராவும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ரொட்டிக்கடைக்காரரோ அதற்குள் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார்: டீச்சரம்மா உயிரைப் பணயம் வைத்து என்னை டிரைவராக்கினார் என்று. முதலாளியே அவளைக் கூப்பிட்டு, "இப்படியெல்லாம் ரிஸ்க் எடுக்காதேம்மா. ஆனா பேர் வாங்கிட்டே" என்றார். பாராட்டா, கண்டிப்பா? அதுவும் புரியவில்லை.

திங்கட்கிழமை மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது டாக்டரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் ரத்தப் பரிசோதனை முடிவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரத்த அளவு கொஞ்சம் இறங்கியிருக்கு. ஆனா போன மாசம் இதைவிடக் குறைவா இருந்தப்போ நல்லா இருக்கேன்னு சொன்னீங்க."

"அப்போ நல்லாத்தான் இருந்தேன் டாக்டர்."

"மருந்து தள்ளிப்போனதும் காரணமா இருக்கலாம். சளியும் இருக்கலாம். இனிமே சளி, காய்ச்சல்னா உடனே போன் பண்ணுங்க. எந்த நாள் எப்படி இருக்கும்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா."

படித்தவருக்கே தெரியவில்லை என்றதும் அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

மறுநாள் நேரே ரொட்டிக்கடைக்குப் போனாள். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றாள். பிறகு மென்று விழுங்காமல் சொன்னாள்: "அண்ணே, அன்னிக்கு நான் கால எடுக்கலை. என் கால் வரலை. எனக்கு ரத்தத்துல ஒரு நோய், மருந்து ஏத்திட்டு இருக்கேன். அந்த நிலைமையில உங்களை ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனது தப்பு. நீங்க வேற ஆள்கிட்ட கத்துக்கறதா இருந்தாலும் சரிதான்."

அவர் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். கோபப்படப்போகிறார் என்று நினைத்தாள். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"அப்போ... உங்க கால் அங்க இல்லவே இல்லையா?"

"இல்லைண்ணே."

"நிஜமாவே நானேதான் போட்டேனா?"

"நீங்களேதான்."

மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்கு மன்னிப்புக் கேட்பதா, வாழ்த்துச் சொல்வதா என்று தெரியாமல் அவள் நின்றாள். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உட்காரும்மா முதல்ல. நிக்க வச்சே பேசறாரு பாரு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

அவர் வேறு ஆளிடம் போகவில்லை. டெஸ்டில் ஒருமுறை தோற்று, அடுத்த முறை தேறினார். முதலாளிதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வகுப்பு உண்டா இல்லையா என்பதை அன்றன்று காலையில்தான் சொல்ல முடியும், சந்தேகம் இருந்தால் ரோட்டுக்கு வரமாட்டேன் என்று அவள் சொன்னதற்கு, "இது ஸ்கூலா, சத்திரமா?" என்றார். பிறகு இன்னொரு வாத்தியாரை அவளுக்கு மாற்றாகப் போட்டார். சிலர் அவளை விட்டுப் போனார்கள். பலர் காலையில் போனைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கப் பழகினார்கள்.

குழப்பம் மட்டும் தீரவில்லை. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படுத்தால் பத்து மணிக்கே உடம்பு துள்ளும். பொய் சொல்லிவிட்டோமோ என்று குறுகுறுக்கும். ஆனாலும் சொன்னதை மாற்றமாட்டாள்.

சமீபத்தில் ஒரு வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில், பக்கத்து நாற்காலியில் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். தச்சர். முதல் தடவை மருந்து ஏற்றிக்கொள்கிறார். ஊசி குத்திய கையை ஆட்டாமல் வைத்துக்கொண்டு கேட்டார்: "இது ஏத்தினா எந்தெந்த நாள் வேலை பார்க்கலாங்க? எந்த நாள் படுத்துக்கணும்?"

"கூட வேலை செய்றவங்ககிட்ட முதல்ல சொல்லி வச்சிடுங்க. மத்தது எனக்கே இன்னும் புரியலைங்க" என்றாள்.

திரும்பிப் பார்த்தாள். அதற்குள் அவர் தூங்கிப்போயிருந்தார். அவளுக்கோ கொட்டக் கொட்ட விழிப்பு.