கையெழுத்து விழுந்தால் சமையல்

மேஜைமேல் கிடக்கும் புடலங்காயைச் சுற்றி சுப்ரியா சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். காலை மணி ஆறே முக்கால். புடலங்காய்க்கு ஒரு கோடு, பக்கத்தில் இருக்கும் எவர்சில்வர் சொம்புக்கு ஒரு கோடு. சொம்பின் நிழலுக்கு மட்டும் கோடு கிடையாது. "அது அதுபாட்டுக்கு நகரும், கட்டியா போட முடியும்?" என்பாள். யாராவது தெரியாத்தனமாகப் பொருளை எடுத்துவிட்டால் திரும்ப அதே இடத்தில் வைக்கத்தான் இந்த ஏற்பாடு. அந்த யாராவது பெரும்பாலும் நான்தான்.

காக்ஸ் டவுனில் அவர்கள் வீட்டு மாடியில் ஆறு வருஷமாகக் குடியிருக்கிறேன். குடிவந்த வாரம் ஒரு எலுமிச்சம்பழம் கேட்கக் கீழே போனவள், மேஜைமேல் நாலு கிடக்கிறதே என்று ஒன்றைக் கையில் எடுத்துவிட்டேன். "ஐயோ, அது மூக்கை ஜன்னல் பக்கம் வெச்சிண்டிருந்தது!" என்று ஓர் அலறல். எலுமிச்சம்பழத்துக்கு மூக்கு உண்டென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அன்று அவள் கணவர் பத்ரிநாத் பின்கட்டு வழியாக வந்து, பிரிட்ஜிலிருந்து வேறொரு பழம் எடுத்துக் கொடுத்து என்னைக் காப்பாற்றினார்.

சுப்ரியாவுக்கு ஐம்பத்தொரு வயது. தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் இன்ஜினியராக இருந்தவர். குடும்பம் அப்போதே இங்கே வந்துவிட்டது. வீட்டில் தமிழ், காய்கறிக்காரரிடம் கன்னடம், ஆபீஸில் இங்கிலீஷ். ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அதாவது, அடுத்தவர் செய்ததில் தப்பு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறாள். ஒன்பது மணிக்கு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். எட்டு இருபதுக்கு எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க் ஜன்னல் வெளிச்சத்தை மறைத்துவிடும். ஆகவே அவளுடைய ஓவிய வாழ்க்கை முழுவதும் தினம் ஒன்றரை மணி நேரத்தில் நடக்கிறது.

வரைவது எல்லாம் வீட்டில் இருக்கும் சாமான்தான். காய், பழம், பாத்திரம், மடித்த துணி, பழைய பேப்பர். எதிரில் இல்லாததை வரைய மாட்டாள். போட்டோ பார்த்தும் வரைய மாட்டாள். "போட்டோவுக்கு ஒரு கண்ணுதான் ராதா. எனக்கு ரெண்டு இருக்கே!"

இன்னொரு சட்டமும் உண்டு. எதிரில் வைத்த காய் வீணாகக் கூடாது. படம் முடிந்ததும் சமைத்தாக வேண்டும். கறிவேப்பிலை ஒரு காலைதான் தாங்கும். வாழைப்பூ இரண்டு நாள். பூசணி ஒரு மாதம்கூடப் பொறுமையாக உட்கார்ந்திருக்கும். அந்த வீட்டில் சமையல் பத்ரிநாத்தின் பொறுப்பு. படத்தின் இடது மூலையில் சிவப்பில் 'சுப்ரியா' என்று கையெழுத்து விழுந்துவிட்டால் காய் அவருக்குச் சொந்தம். கேட்க வேண்டாம், சொல்ல வேண்டாம். சாப்பிட வருகிறவர்களிடம் அவர் பெருமையாகச் சொல்வார்: "இந்தக் கூட்டுல இருக்கற பூசணி இப்போ ஒரு பேங்க்ல தொங்கறது."

பேங்க் என்றது பொய்யில்லை. சுப்ரியாவின் கண்காட்சிகள் நடந்த இடங்களைக் கேட்டால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். முதல் கண்காட்சி ஆபீஸ் கேன்டீன் சுவரில். ஒரு வாரத்தில் படங்கள்மேல் சாம்பார் தெறித்துவிட்டது. அப்புறம் பிரேசர் டவுனில் ஒரு பேங்க் கிளை, ஓர் அபார்ட்மென்ட் கிளப் ஹால். நாலு பேரோடு சேர்ந்து வைத்த குழுக் கண்காட்சிகளில் அவள் படத்துக்குக் கிடைக்கும் இடம் கதவுக்குப் பின்னால், இல்லாவிட்டால் தீயணைக்கும் சிலிண்டருக்குப் பக்கத்தில். "நல்ல சிவப்பு அது. என் கத்திரிக்காய்க்கு எடுப்பா இருந்தது" என்று அதையும் ரசித்துவிட்டு வருவாள். எனக்குத்தான் கோபம் வரும்.

ஜனவரியில் தெருவோரம் நடக்கும் ஓவியச் சந்தையில் ஏழு வருஷம் நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறாள். நானும் துணைக்குப் போயிருக்கிறேன். வருகிறவர்கள் குனிந்து பார்த்து, "இது பிரிண்ட்டா?" என்பார்கள். அடுத்த கேள்வி, "பிள்ளையார் போடுவீங்களா?" சுப்ரியா கொஞ்சமும் சளைக்காமல், "எதிர்ல வந்து உக்காந்தா போடறேன் சார்" என்பாள்.

டேரில் என்ற பல் டாக்டர் தன் கிளினிக்கில் ஆறு படம் மாட்ட இடம் கொடுத்தார். மைசூர்பாக்கு வரைந்ததைத் தரலாமா என்று இவள் தயங்கினாள். "அதைத்தான் முதல்ல மாட்டுங்க மேடம், எனக்குத் தொழில் நடக்க வேண்டாமா?" என்றார் அவர். அந்தக் கிளினிக்குக்குத்தான் வீங்கின கன்னத்தோடு வந்து உட்கார்ந்தார் ஷ்ரேயாஸ். நகரத்தில் பெயர்பெற்ற ஓர் ஓவியக் காலரியின் நிர்வாகி. வயது முப்பது இருக்கும். கத்திரிக்காய்ப் படத்துக்கு எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். உள்ளே கூப்பிட்டது காதில் விழவில்லையாம்.

அடுத்த மாதம் அவர் போன் செய்தார். சுப்ரியா பிரஷ்ஷும் கையுமாக மாடிப்படி ஏறி வந்தாள். "ராதா, தனிக் கண்காட்சி! எனக்கே எனக்குன்னு நாலு சுவர்!" என்றவள் சமையலறை வாசலில் நின்று அழுதுவிட்டாள். இருபத்திரண்டு வருஷமாக வரைகிறாள்! நானும் அழுதேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

இருபது படம் வேண்டும் என்றார்கள். ஜனவரி முடிவதற்குள் பத்தொன்பது தயார். இருபதாவதுதான் பெரியது, நுழைந்ததும் நேர் எதிரே மாட்டப்போவது. அதற்கு அவள் தேர்ந்தெடுத்தது அவரேக்காய், அதாவது பச்சை மொச்சை. குளிர்காலம் வந்தால் இந்த ஊரே அவரேக்காய் உரிக்கும். தெருமுனையில் குவிந்திருக்கும் குவியலின் வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வரும். படத்தின் இடது பக்கம் ஒரு பேசின் நிறைய உரித்த கொட்டை. வலது பக்கம் பேப்பர்மேல் உரிக்காத காய். பேசினை இரண்டே காலைப் பொழுதில் முடித்துவிட்டாள். எனக்கு ஓவியம் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பேசினுக்குள் கையை விட்டு அளைய வேண்டும்போல இருந்தது. நூறு பச்சை இருந்திருக்கும் அதில். வலது பக்கம் அப்போது வெறும் கரிக்கோடு.

அன்று பார்த்து ஷ்ரேயாஸ் அவசரமாகக் கேட்டார். அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது, பேசின் பகுதியை மட்டும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், மூலையில் கையெழுத்தும் இருக்க வேண்டும். சுப்ரியா கையெழுத்தைப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு ஆபீஸுக்கு ஓடினாள். காயை மறுநாள் காலை வரைந்துகொள்ளலாம் என்று எண்ணம்.

கையெழுத்து விழுந்ததைப் பத்ரிநாத் பார்த்தார். அவ்வளவுதான்.

பாதிப் படம் கரிக்கோடாக இருந்ததே, அது கண்ணில் படவில்லையா என்று பிற்பாடு கேட்டேன். "பட்டதும்மா. காலரிக்காராளுக்கு இதுதான் புது ஸ்டைல் போலிருக்குன்னு நெனச்சுட்டேன்" என்றார் பரிதாபமாக. காயை எல்லாம் உரித்து, கொட்டையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்து, தேங்காய் அரைத்துவிட்டு ஒரு சாம்பார். எனக்கும் ஒரு கிண்ணம் மாடிக்கு வந்தது. விஷயம் தெரியாமல் நானும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் சுப்ரியா வந்தபோது மேஜைமேல் சாக்பீஸ் கோடுகள் மட்டும் இருந்தன. கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, இரண்டு தடவை சாம்பார் போட்டுக்கொண்டாள். "உப்பு சரியா இருக்கு" என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பத்ரிநாத் என்னிடம் வந்து புலம்பினார்.

கண்காட்சிக்குப் பதினொரு நாள்தான். செய்தி கேட்டு ஷ்ரேயாஸ் நேரில் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "மேம், போன தடவை வந்தப்போ மேஜையை என் போன்ல எடுத்து வெச்சிருக்கேன். அதைப் பாத்துப் போட்டுடுங்க. கார்டு எல்லாம் அச்சுக்குப் போயாச்சு, இந்தப் படம் இல்லாம ஷோவே இல்ல" என்றார். சுப்ரியா போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "பேப்பர் மடிப்புக்குப் பின்னாடி ஒரு காய் இருந்தது ஷ்ரேயாஸ். பாதிதான் தெரியும். இதுல அது எங்கே?" அவரும் தேடினார். இல்லை.

மறுநாள் என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். பிப்ரவரி கடைசி. காக்ஸ் டவுன் மார்க்கெட், பிரேசர் டவுன், சிவாஜிநகர் என்று போன இடத்தில் எல்லாம் "சீசன் முடிஞ்சிபோச்சு" என்று கையை விரித்தார்கள். கடைசியில் ஜீவனஹள்ளியில் ஒரு தள்ளுவண்டிக்கார அம்மாள், வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கோணிப்பையை இழுத்தாள்.

"மாட்டுக்குப் போடலாம்னு வெச்சினுகிறேன். பூச்சி உளுந்த காயிம்மா, துன்றதுக்கு ஆவாது."

"சாப்பிட இல்லைம்மா, பாத்து வரையறதுக்கு" என்றாள் சுப்ரியா.

"வரையறதுன்னா நல்ல காயா பாத்து வரையக் கூடாதா?" என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டாள். பையை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினேன்.

அடுத்த நாள் காலை காப்பி எடுத்துக்கொண்டு கீழே போனேன். காய்கள் பேப்பர்மேல் உட்கார்ந்துவிட்டன, கோடு போட்டாகிவிட்டது. வலது பக்கத்தை நிரப்பிவிட்டால் கண்டம் தாண்டியது என்று எனக்கு நிம்மதி. சுப்ரியா மட்டும் பிரஷ்ஷைத் தொடாமல் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு காயை எடுத்து உரித்தாள். உள்ளே இருந்த கொட்டை வெளிறிப்போய், ஓரம் பழுப்பேறி, நடுவில் ஓர் ஓட்டையோடு இருந்தது. அதையும் படத்தில் இருந்த பேசினையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்தக் காயிலேர்ந்து அந்தக் கொட்டை வராது, ராதா."

சொல்லிவிட்டு, சாயம் குழைக்கும் தட்டைக் கத்தியை எடுத்துப் பேசினில் இருந்த கொட்டைகளைச் சுரண்ட ஆரம்பித்தாள். "அடிப்பாவி! அழைப்பிதழ்ல இருக்கற படம்டி அது!" என்று கத்தினேன். இன்னும் காயாத எண்ணெய்ச் சாயம் பச்சைப் பச்சையாகக் கத்தியில் வழிந்து வந்தது. சமையலறை வாசலில் நின்ற பத்ரிநாத், "அது நன்னா இருந்ததே" என்று மட்டும் சொன்னார். "நன்னாத்தான் இருந்தது" என்றாள் அவள், கையை நிறுத்தாமல்.

நாலு காலைப் பொழுதில் புதிதாக வரைந்தாள். வெளிறின காய், ஓட்டை விழுந்த கொட்டை, பேப்பர்மேல் ஊர்ந்த ஒரு புழு உட்பட. பழையதைச் சுரண்டிய இடத்தில் மறுபடி கையெழுத்து விழுந்தது. அதைச் சமைக்க முடியாதே. பத்ரிநாத் கோணிப்பையைத் தானே தூக்கிக்கொண்டு ஜீவனஹள்ளிக்குப் போய் மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் திறப்பு விழா. கூட்டம்! எல்லோர் கையிலும் பளபளவென்று அந்த அழைப்பிதழ். நேர் எதிர்ச்சுவரில் படம், சாயம் இன்னும் காயவில்லை. யார் முழங்கையும் பட்டுவிடக் கூடாதென்று பத்ரிநாத் துவாரபாலகர் மாதிரி பக்கத்திலேயே நின்றார். கேசவ் என்ற பெரியவர் வந்தார். வீடு நிறைய ஓவியம் வைத்திருப்பவர், அவர் தலையசைத்தால் மற்ற காலரிக் கதவுகளும் திறக்கும் என்று ஷ்ரேயாஸ் எங்கள் காதில் போட்டார். கேசவ் அழைப்பிதழைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி அழைப்பிதழைப் பார்த்தார்.

"கார்டுல போட்டது இது இல்லையே?"

ஷ்ரேயாஸ் வாயைத் திறப்பதற்குள் சுப்ரியா சொன்னாள்: "அது முந்தின அவரேக்காய் சார். சாப்டாச்சு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அதுல கொட்டை ஒண்ணொண்ணும் பளிச்சுனு இருக்கு. இதுல ஓட்டை ஓட்டையா இருக்கேம்மா?" என்றார்.

சுப்ரியா அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினாள். அழைப்பிதழையும் வாங்கி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அச்சில் பளபளத்த கொட்டைகளில் ஒன்றின்மேல் சின்னதாக ஓர் ஓட்டை வைத்தாள். தள்ளி இன்னொன்று. மூன்றாவது கொட்டையின் ஓரத்தில் ஒன்று. அழைப்பிதழை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பேனாவைக் கொடுக்காமல், அடுத்து நின்றவரின் அழைப்பிதழுக்குக் கையை நீட்டினாள்.