உலைக்குப் போக இருந்த காலணாக்கள்

பழைய காசு பொறுக்கும் தொழிலுக்கு முதலீடு இரண்டுதான்: ஒரு ஜோடி நல்ல கண், வீட்டில் இருப்பவர்கள் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ளாத குணம். முதலாவது எனக்குப் பிறவியிலேயே இருந்தது. இரண்டாவதைக் கல்யாணத்துக்குப் பிறகு பழகிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கணபதியில் எங்களுக்கு ஒரு சின்ன பவுண்டரி இருந்தது. என் வீட்டுக்காரர் மோட்டார் பம்புக்கு வெண்கல புஷ் வார்த்துக்கொண்டிருந்தார். மேட்டுப்பாளையத்தில் ஒரு பாக்கு மண்டியை இடித்தபோது பரணிலிருந்து வெள்ளைக்காரன் காலத்துக் காலணாக்கள் மூட்டை மூட்டையாக இறங்கின. செல்லாத காசுதான், ஆனால் நல்ல செம்பு, நல்ல வெண்கலம். உருக்குவதற்கென்று எடைக்கு வாங்கி வந்து இறக்கிவிட்டார்.

எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே நாணயம் சேர்க்கும் கிறுக்கு உண்டு. உங்களுக்கும் அதே கிறுக்கு இருப்பதால்தான் இதைப் படிக்கிறீர்கள், அதனால் என் நிலைமை உங்களுக்குப் புரியும். மூட்டைகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, நான் பார்க்காமல் ஒரு காசுகூட உலைக்குப் போகக்கூடாது என்றேன். அவர் சிரித்தார். பிறகு வாரா வாரம் உலை மூட்டும் நாளையும் தீபாவளி ஆர்டரையும் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னார்: “ஆயுத பூசைக்குள்ள, ஒரு மூட்டை வெலைக்குப் போற மாதிரி ஒத்தக் காசு எடுத்துக் காட்டு அம்மணி. காட்டிப்போட்டீன்னா முன்னால இருக்கற ரூம்பு உனக்கு, காசுக் கடைன்னு போர்டு மாட்டிக்க. இல்லீன்னா அத்தனையும் உலைக்குத்தான்.”

முறம்

அந்த அறை எனக்கு வேண்டும். தெருவைப் பார்த்த ஜன்னல், வெளிச்சம், தனிக் கதவு எல்லாம் உண்டு. கல்யாணமாகி வந்ததிலிருந்து பவுண்டரிக்காரர் சம்சாரம் என்பதைத் தவிர எனக்கு வேறு பேர் இல்லை. அந்தக் கதவுக்கு மேலே ஒரு போர்டு தொங்கினால் இருக்கும்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். லென்ஸ், தட்டு, விளக்கு என்று புத்தகத்தில் என்னென்னவோ போட்டிருந்தார்கள். எனக்குத் தோதாக வந்தது சமையலறை முறம்தான். இரண்டு கை காசை முறத்தில் அள்ளிப் போட்டுப் புடைத்தால் மண்ணும் பாக்குத் தூளும் முன்னால் பறந்துவிடும். அப்புறம் ஒவ்வொன்றாகப் புரட்டி வருஷம் பார்க்க வேண்டும். பார்த்து முடித்த மூட்டை உலைக்குப் போகும், அடுத்த மூட்டை முறத்துக்கு வரும். இடுப்பு விட்டுப்போனது, விரலெல்லாம் பச்சை ஏறிப்போனது. ராத்திரி கண்ணை மூடினால் ராஜா மூக்கு தெரிந்தது. ஆனாலும் விடுவதாக இல்லை.

எங்கள் பவுண்டரியில் மண் சலிக்கும் மாராத்தாள் ஆனைமலைக்காரி. மத்தியானம் சோறு தின்றுவிட்டு வந்தவள், நான் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். “ஏனுங் அம்மணி, எல்லாரு ஊட்லயும் அரிசீல கல்லுப் பொறுக்குவாங்க. நீங்க என்னுங்க, கல்லுல அரிசி பொறுக்கறீங்க?”

ஓட்டைக் காலணா

யுத்த காலத்தில் செம்பு கிடைக்காமல் நடுவில் ஓட்டை போட்டு அடித்த காலணாக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றைத் தனியாக ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் டப்பா பாதிதான் இருக்கிறது. எலி இழுக்கிற சாமான் இல்லை அது. நடுவில் ஓட்டை உள்ள சாமான் யாருக்கு உதவும் என்று யோசித்துக்கொண்டு நேராகப் பக்கத்து லேத் பட்டறைக்குப் போனேன்.

நான் நினைத்தது சரிதான். அந்தப் பட்டறை முதலாளி என் காசுகளைப் போல்ட்டுக்கு வாசராகப் போட்டு ஒரு பம்புசெட்டையே பூட்டி முடித்திருந்தார். அளவு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது என்று என்னிடமே பெருமை வேறு. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்பானரை எடுத்து அவர் கையில் கொடுத்து, ஒவ்வொரு போல்ட்டையும் கழற்ற வைத்துவிட்டுத்தான் நகர்ந்தேன். அத்தனை பாடும் பட்டது வீண். எல்லாம் சாதாரண வருஷம். ஒன்றுக்குக்கூட விலை இல்லை.

பட்டறைக்காரருக்குக் கோபமே வரவில்லை. கடைசி போல்ட்டைக் கழற்றிக்கொண்டே, “கிரீடம் போட்ட வாசருங்க அக்கா இது. இதப் போட்டதுக்கப்பறந்தான் இந்த மோட்டார் சத்தமில்லாம ஓடுச்சு, பாத்துக்கோங்க!” என்றார்.

அரிசி இழுக்கும் காசு

நான் மூட்டை மூட்டையாகக் காசு பார்க்கிறேன் என்ற சங்கதி எப்படித்தான் பொள்ளாச்சி வரைக்கும் போனதோ தெரியவில்லை. ஒரு நாள் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒருவர் வந்து இறங்கினார். தோப்புக்காரர் என்று பார்த்தாலே தெரிந்தது. வந்தவர் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு பிடி பச்சரிசி. இடி விழுந்த காசு ஒன்று இருக்கிறதாம், பக்கத்தில் அரிசியை வைத்தால் இழுத்துக்கொள்ளுமாம், அதற்குக் கோடிக்கணக்கில் விலையாம். என் முறத்தில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார்.

அப்படி ஒரு காசு உலகத்திலேயே இல்லை, யாராவது அட்வான்ஸ் கேட்டால் கொடுத்து ஏமாறாதீர்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். மனுஷர் கேட்டால்தானே? பொழுது சாயும் வரை என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, நான் பார்த்துக் கழித்த காசுகளை ஒவ்வொன்றாக அரிசியில் வைத்துப் பார்த்தார். ஒரு மணிகூட அசையவில்லை. பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்ததே என்று நானும் விட்டுவிட்டேன். கடைசியில் அரிசியை மறுபடி பொட்டலம் கட்டிக்கொண்டு என்னைப் பாவமாகப் பார்த்தார். “அரிசியும் இழுக்காது, கடையிலயும் செல்லாது. அப்பறம் எதுக்குங்க அம்மணி இத்தன பாடு?”

யானையா, இல்லையா

போத்தனூரில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் காலணாவாகவே சேர்ப்பவர். வருஷ வரிசையில் அவருக்கு ஒன்றே ஒன்றுதான் குறை: ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று. அந்த வருஷம் ராஜாவின் அங்கியில் ஒரு குட்டி யானையைச் செதுக்கினார்கள். தும்பிக்கை குட்டையாகிப்போய் பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருக்கிறது என்று ஜனங்கள் ஒரே கூச்சல் போட, மறு வருஷமே அச்சை மாற்றிவிட்டார்கள். அந்தக் காசு, அதுவும் பழுப்பு மாறாமல் கிடைத்தால், ஒரு மூட்டைக்கு நான் சொல்லும் விலையைத் தருகிறேன், தேய்த்து விளக்கிய காசு மட்டும் தனக்கு வேண்டாம் என்றார். அதற்கப்புறம் நான் ராஜா முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். நேராக அங்கிதான்.

மூட்டைகள் ஒவ்வொன்றாக உலைக்குப் போயின. ஆயுத பூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது என் முறத்துக்குப் பக்கத்தில் மிச்சம் இரண்டே மூட்டை. பயம் வந்துவிட்டது. வாரா வாரம் உலையிலிருந்து வரும் அனலில் எனக்கு என் அறைதான் எரிவதாகப் பட்டது. அன்று மத்தியானம் புரட்டிய காசில் வருஷம் பார்த்தேன். பதினொன்று! பழுப்பு அப்படியே இருந்தது. துள்ளி எழுந்ததில் முறம் கவிழ்ந்தது. நான் போட்ட சத்தத்தில் மண் சல்லடையைப் போட்டுவிட்டு மாராத்தாள் ஓடி வந்தாள். ஆனைமலைக்காரியிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? காசை அவளிடம் காட்டினேன். வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு ஜாக்கிரதையாகத் தீர்ப்புச் சொன்னாள்: “ஆனைன்னு சொன்னா ஆனை கோவிச்சுக்குமுங்க. பன்னின்னு சொன்னா ராசா கோவிச்சுக்குவாருங்க. நமக்கெதுக்குங்க பொல்லாப்பு!”

பூஜையில் வைத்தது

போத்தனூர்க்காரருக்கு போன் போட்டுச் சொன்னேன். ஆயுத பூஜை அன்று சாயங்காலம் வருகிறேன், காசைத் துடைக்கக்கூட வேண்டாம், அப்படியே வையுங்கள் என்றார். பட்டுத் துணியில் சுற்றி அவர் மேஜை டிராயரில் வைத்தேன். அவர் என்றால் என் வீட்டுக்காரர். விலையைக் கேட்டதும் வாயைப் பிளந்தவர், காசை ஒரு முறை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, பணம் கைக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டு உலைப் பக்கம் போனார்.

பூஜை நோம்பி அன்று நான் உள்ளே சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். வெளியே ஆட்களெல்லாம் கரண்டி, சுத்தியல், காலிப்பர், தராசு என்று ஒன்று விடாமல் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்கள். பொரித்தட்டோடு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வரிசையின் நடுவில் என் முறம், அதற்குச் சந்தனப் பொட்டு. முறத்தின் நடுவில் என் காசு, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் புதுச் செம்பாகப் பளபளத்துக்கொண்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு. பழுப்பு போன இடம் தெரியவில்லை.

விளக்கேற்றியிருந்த இடத்தில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்த போத்தனூர்க்காரர் குங்குமத்தை விரலால் ஒதுக்கிவிட்டுப் பார்த்தார், கீழே வைத்தார், ஒரு பிடி பொரியை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மிச்சம் ஒரு மூட்டை இருந்தது. ஆனால் பூஜையில் வைத்த முறத்தை மறுநாள் வரை தொடக்கூடாது, கெடுவோ அன்றோடு முடிகிறது. யார் இந்தக் காரியம் பண்ணியது என்று கத்தினேன். ஆட்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர்தான் புளி படிந்த கையோடு முன்னால் வந்தார்.

“நான்தான் வெளக்குனேன். எங்க சாமானையெல்லாம் பளபளன்னு வெச்சுப்போட்டு, நீ தொழில் பண்ற சாமான மட்டும் அழுக்கோட சாமி முன்னால வெக்க எனக்கு மனசு வரல அம்மணி” என்றார். அத்தனை வருஷத்தில் நான் செய்வதைத் தொழில் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. போத்தனூர்க்காரர் போன திசையை ஒரு தரம் பார்த்தார், பிறகு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து முன்னறைச் சாவியை மட்டும் கழற்றி என் பொரித்தட்டில் போட்டார். “கெடு வெச்சவனே காரியத்தக் கெடுத்துப்போட்டன். போர்டுல என்ன பேருன்னு சொல்லு, காலைல பெயிண்டர வரச் சொல்றேன்.”

அந்த அறையில் கடை நடத்திய காலம் முழுக்க, காசைத் தேய்க்காதீர்கள் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன், தேய்த்தால் என்ன ஆகும் என்று கேட்டவர்களுக்கு மட்டும் தலைக்கு மேலே தொங்கும் போர்டைக் காட்டத் தைரியம் வந்ததில்லை.