மஞ்சள் காருக்கு வழி விட்டவர்

கார்களைப் பற்றி எழுதிப் பிழைக்கிறவன் நான். எந்த வண்டி எத்தனை விநாடியில் நூறைத் தொடும், எத்தனை குதிரைசக்தி என்று சென்னையில் உட்கார்ந்தபடி அள்ளி விடுவேன். கோடிக்கணக்கில் விலை போகும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் ஒரு தடவைகூட உட்காராமலேயே பல வருடம் எழுதியிருக்கிறேன். படிக்கிறவர்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

போன மாசியில் அந்தக் குறையும் தீர்ந்தது. என் எழுத்தை விரும்பிப் படிக்கும் சென்னைத் தொழிலதிபர் ஒருவர், தன் ஸ்போர்ட்ஸ் காரில் தாராசுரம் கோயிலைப் பார்த்துவிட்டு நாகூர் தர்காவுக்குப் போவதாகச் சொன்னார். நான் அப்போது நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊரில் லீவில் இருந்தேன். "தாராசுரம் வந்துடுங்க தம்பி, நாகூர் வரைக்கும் சேந்தே போவோம்," என்றார். சட்டையை இரண்டு தடவை தேய்த்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டில், கும்பகோணத்தில் ஒருவரைப் பார்க்கணும் என்று மட்டும் சொன்னேன்.

கோயில் வாசலில் மஞ்சள் நிறத்தில் நின்றது அந்த வண்டி. சிற்பம் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் சிற்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதைச் சுற்றி நின்றார்கள். நான் அவர்களை விலக்கிக்கொண்டு போய், ஏதோ என் சொந்த வண்டி மாதிரி ஏறி உட்கார்ந்தேன்.

நான் இத்தனை வருடம் எழுதிய எண்களுக்கு எங்கள் பக்கத்து ரோட்டில் வேலையே இல்லை. முன்னால் ஒரு அறுவடை மிஷின் ஊர்ந்துகொண்டிருந்தது. வேகத்தடை ஒவ்வொன்றிலும் தொழிலதிபர் வண்டியைக் கோணலாகத் திருப்பி, அடி தட்டாமல் ஏற்றி இறக்கினார். நாற்பதைத் தாண்டவே இல்லை. இருந்தும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்ஜின் முதுகுக்குப் பின்னால் இருந்து உறுமியது, காதில் கேட்பதற்கு முன்பே உடம்பில் தெரிந்தது. சீட்டில் கையால் போட்ட தையலைத் தடவிப் பார்த்தேன். யாரோ ஒருவர் ஆசைப்பட்டு, அவசரமே இல்லாமல் செய்த சாமான் என்பது தொட்டதும் தெரிந்தது.

இதையெல்லாம் பிறகு கட்டுரையில் எழுதினேன். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. ரோட்டில் போகிறவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். டிவிஎஸ்ஸில் போனவர் மண்ணில் இறக்கி வழி விட்டார். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தது.

மெயின் ரோட்டிலேயே போயிருக்கலாம். "இப்படிக் குறுக்கே போனா வாய்க்கா ஓரமா ரோடு போவும் சார், பாக்க நல்லா இருக்கும்," என்று நான்தான் சொன்னேன். வாய்க்காலில் தண்ணீர் நின்று நாளாகியிருந்தது. அறுத்த வயலில் வெறும் தாள்தான் நின்றது. அது எங்கள் ஊர் ரோடு. ஊரில் நாலு பேர் என்னை அந்த வண்டியில் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அறுவடை மாதத்தில் எங்கள் ஊரில் ரோடுதான் களம் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. நெல்லில் ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள் என்பதால், ஆளாளுக்குத் தார் ரோட்டில் நெல்லைக் கொட்டிக் காய வைப்பார்கள். பஸ்ஸும் லாரியும் ஒரு சக்கரத்தை நெல்மேல் ஏற்றிப் போய்விடும். இந்த வண்டிக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல்தான் இடைவெளி. திருப்பத்தில், பாதி ரோட்டை அடைத்துப் பரப்பியிருந்த நெல்லுக்கு முன்னால் நின்றுவிட்டோம்.

நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். வண்டியைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நெல்லுக்கு எல்லையாக ஓரத்தில் வைத்திருந்த கற்களை ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்தார். பலகையால் நெல்லை ஒரு பக்கமாகத் தள்ள ஆரம்பித்தார். ஒரு நொடி எனக்குக் கர்வமாக இருந்தது. அடுத்த நொடி அது என் அப்பா என்று தெரிந்தது.

அப்பா சின்ன வயதில் பண்ணையில் வேலை பார்த்தவர். பண்ணைக்காரர் கார் வந்தால் துண்டை எடுத்துவிட்டு ரோட்டை விட்டு இறங்கி நிற்பார்களாம். இப்போது சொந்தமாக மூன்று மா நிலம், ஒரு ஏக்கர் போல, இருக்கிறது; ரோட்டில் காய்ந்தது அந்த நெல்தான். துண்டு எவனுக்காகவும் தோளை விட்டு இறங்கக் கூடாது என்று கல்லூரி நாட்களில் அவரோடு மல்லுக்கு நின்றவன் நான்.

"பாவம், வயசானவரு. நாம எறங்கி ஒரு கை பிடிப்போமா தம்பி?" என்று கேட்டார் தொழிலதிபர். கதவில் கைகூட வைத்துவிட்டார்.

"வேணாம் சார். அவங்களுக்கெல்லாம் இது பழக்கந்தான்," என்றேன்.

நான்தான் சொன்னேன். இதை எழுதும்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. கார் ஊர்ந்து அப்பாவைத் தாண்டுகிற வரைக்கும் குனிந்து, அணைந்து கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கால் மட்டும் கண்ணாடிக்கு வெளியே தெரிந்தது. நாகூரில் என்ன பார்த்தேன் என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இல்லை.

பஸ் பிடித்துச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்காரவே கூச்சமாக இருந்தது. அவர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இன்னைக்கு ஒரு காரு வந்துச்சு பாரு! அறுக்கறதுக்கு முந்துன நாளு வயலு எப்புடி இருக்கும், அந்தக் கலரு. தரையோட தரையா, மேடு பள்ளமே இல்லாம வழிச்சு வுட்ட மாதிரி இருந்துச்சு. ஒரு நெல்லு மேலகூட ஏறல. என்னமா செஞ்சிருக்கான்!"

"யாரு காருங்க?" என்றாள் அம்மா.

சொல்ல வேண்டியவன் நான்தான்.

"யாரோ வெளியூருக்காரங்க," என்றார் அப்பா, என் பக்கம் திரும்பாமலேயே.

அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவள் போய்விட்டாள் என்று நிச்சயமான பிறகு அப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அவ்வளவு தாழ்வா இருக்கே, அதுலேருந்து சட்டுனு எறங்கறது கஷ்டமாப்பா?"

ஒரு விரலால் இழுத்தால் போதும், கதவு தானாக மேலே போகும். அன்றைக்கு மட்டும் மூன்று தடவை இறங்கியிருந்தேன், இரண்டு தடவை போட்டோவுக்கு.

"ஆமாம்ப்பா. ரொம்பக் கஷ்டம்," என்றேன்.

"அதான பாத்தேன்," என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.